சத்து மாத்திரை யாருக்கு?

“உடம்புக்கு ஒண்ணும் இல்லண்ணா, நல்லாத்தான் இருக்கேன். சும்மா சத்துக்கு ஒரு அட்டை குடுங்க. தினம் ஒண்ணு போட்டுக்கிட்டா நல்லதுதானே?”

செங்கல்பட்டில் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவன் நான். இந்தக் கேள்வி வராத நாள் கிடையாது. பரனூர் மஹிந்திரா சிட்டியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். சிறுசேரி ஐ.டி. கம்பெனிக்குப் போய்வருகிறவர்கள் போனில் ஏதோ ஒரு வெளிநாட்டு டப்பாவின் படத்தைக் காட்டி “இது இருக்கா?” என்கிறார்கள். கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து பெரியாஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் டாக்டர் எழுதிய மருந்தோடு ஒரு அட்டை சத்து மாத்திரையையும் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார்கள். கூட்டம் நிற்கும்போது இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடிவதில்லை. அதனால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: இந்த மாத்திரையை விற்றால் கடைக்கு நல்ல லாபம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டே மேலே படியுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிற, நோய்நொடி இல்லாத ஒருவர் தினமும் மல்டிவைட்டமின் போடுவதால் ஆயுள் கூடும் என்பதற்கோ, மாரடைப்பு வராது என்பதற்கோ ஆதாரம் இல்லை. அதேசமயம், உடம்பில் நிஜமாகவே ஒரு சத்து குறைந்திருந்தால் அந்தக் குறையைத் தீர்க்க இந்த மாத்திரை பெரும்பாலும் போதாது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். முதலாவதைச் சீக்கிரம் பார்த்துவிடலாம்.

அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய 14,641 ஆண் டாக்டர்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதிப் பேருக்குத் தினமும் மல்டிவைட்டமின். மீதிப் பேருக்கு அதே தோற்றத்தில் சத்து எதுவும் இல்லாத மாத்திரை. தான் போடுவது எது என்று போடுகிறவருக்கே தெரியாது. சுமார் 11 வருஷம் இப்படிப் போனது. 2012-இல் முடிவு வந்தது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. புற்றுநோய் மட்டும் 8 சதவீதம் குறைந்திருந்தது. 8 சதவீதம் என்றதும் பெரிதாகத் தெரியும். வருஷத்துக்கு ஆயிரம் பேரில் சுமார் 18 பேருக்கு வந்த நோய் 17 பேருக்கு வந்தது, அவ்வளவுதான். ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது, ஊரில் எல்லோரையும் ஆயுசுக்கும் மாத்திரை போடச் சொல்லவும் இது போதாது.

2022-இல் அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 84 ஆய்வுகளைப் பரிசீலித்து, மல்டிவைட்டமினைப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல ஆதாரம் போதவில்லை என்றது. 2024-இல் இன்னொரு பெரிய அலசல் வந்தது. ஆரோக்கியமான 3,90,124 பேரை 20 வருஷத்துக்கு மேல் கவனித்த கணக்கு அது. தினமும் போட்டவர்கள், போடாதவர்களைவிடக் கூடுதலாக வாழ்ந்துவிடவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 60 வயதை ஒட்டியவர்களையும் அதைத் தாண்டியவர்களையும் வைத்து காஸ்மாஸ் என்ற பெயரில் நடந்த ஆய்வில், மல்டிவைட்டமின் போட்டவர்களுக்கு நினைவாற்றல் சோதனையில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. ஒன்றல்ல, அதன் மூன்று கிளை ஆய்வுகளிலும் தெரிந்தது. அதனால் ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் “ஞாபக மறதிக்குப் போடலாமா தம்பி?” என்று கேட்டால் நான் சட்டென்று மறுப்பதில்லை. அதேசமயம், முன்னே சொன்ன டாக்டர்கள் ஆய்வில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களின் நினைவாற்றலையும் சோதித்தார்கள், அங்கே வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. இந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பது என் எண்ணம்.

வைட்டமின் என்றால் கெடுதலே செய்யாது என்று நம்புகிறவர்கள் பின்லாந்தில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். புகை பிடிக்கும் 29,133 ஆண்கள். கேரட்டிலும் கீரையிலும் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்துக் கொடுத்தார்கள். 1994-இல் முடிவைப் பார்த்தால், மாத்திரை போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. கேரட் தின்று யாருக்கும் அப்படி ஆனதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு “அப்ப வைட்டமினே ஏமாத்தா?” என்று சிலர் கோபப்படுகிறார்கள். அப்படி இல்லை. வைட்டமின் உயிரைக் காப்பாற்றும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று நம் திருச்சி மாவட்டத்தில்தான் நடந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லா குழுவினர் 15,419 குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஊர் ஊராக, வாரா வாரம், வீட்டுக்கே போய் ஒரு சிறு அளவு சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு அதில் வைட்டமின் ஏ இருந்தது, மற்றதுக்கு இல்லை. ஒரே வருஷத்தில் வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. 54 சதவீதக் குறைவு. 1990-இல் அது வெளியானது. இன்றைக்கு அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் நம் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ ஊற்றுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் நிற்கின்றன.

அந்தக் குழந்தைகளிடம் வைட்டமின் ஏ குறைந்திருந்தது. அமெரிக்க டாக்டர்களிடம் எதுவும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. இரண்டு முடிவுகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

குன்னூருக்கும் இந்தக் கதையில் பெரிய இடம் உண்டு. 1918-இல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. மெஷினில் தீட்டிய பச்சரிசியை உண்ட வட ஆந்திரக் கடலோரத்தில் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கல் அரிசி உண்கிற பகுதிகளில் அது அபூர்வம். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் என்ற பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. மதுராந்தகம் பக்கத்து வீடுகளில் நெல் அவித்த பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற பேர் தெரியாது, ஆனால் பேரப் பிள்ளைகளுக்கு அதைத்தான் ஊட்டினார்கள்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரையும் இங்கே சொல்ல ஆசை. பம்பாயில் மில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடும் ரத்தசோகைக்குக் காரணம் தேடி 1928-இல் இந்தியா வந்தவர். குன்னூரிலும் வேலை செய்தார். சென்னை திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி தாய்சேய் நல மருத்துவமனையாக இருக்கும் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை செய்தார். ஈஸ்டிலிருந்து எடுக்கும் மலிவான சாறு ஒன்று அந்த ரத்தசோகையைக் குணப்படுத்துவதைக் கண்டுபிடித்தார். அதில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்று கர்ப்பமான செய்தி தெரிந்த அன்றே டாக்டர் எழுதிக் கொடுக்கிற அந்தச் சின்ன மாத்திரைக்கு இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது.

சரி, நமக்கு என்ன குறைகிறது? நம் ஊரையே எடுத்துக்கொள்ளலாம்.

ரேஷன் அரிசியிலிருந்து தொடங்குகிறேன். ரேஷனில் செறிவூட்டப்பட்ட அரிசி கொடுக்கத் தொடங்கினார்கள். 100 கிலோவுக்கு ஒரு கிலோ வீதம், இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும் சேர்த்துச் செய்த அரிசி மணிகளைக் கலந்தார்கள். கழுவும்போது அந்த மணிகள் மிதக்கும். “பிளாஸ்டிக் அரிசி” என்று பொறுக்கி எறிகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அரிசி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். சத்து மாத்திரையில் இருப்பதில் மூன்றை அரசாங்கமே சோற்றில் கலந்து கொடுத்தது அது.

அடுத்து மீன். மாமல்லபுரத்துக் கரையோரம் கொக்கிலமேடு, வெண்புருஷம், தேவனேரி என்று குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. விடியற்காலையில் ஃபைபர் போட் கரை ஏறும்போது போய் நின்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள் வஞ்சிரத்தையும் இறாலையும் சுற்றி நிற்பார்கள், விலையும் அதற்குத்தான். உள்ளூர்ப் பெண்கள் கூறு கட்டி வைத்திருக்கும் நெத்திலி, கவலை, காரப்பொடி, மத்தியைத்தான் நான் உங்களுக்குக் காட்டுவேன். உள்ளங்கை அளவு மத்தி, ஒரு நாளைக்கு வேண்டிய பி12-ஐவிடக் கூடுதலாகவே தரும். கொழுப்புள்ள மீன் என்பதால் வைட்டமின் டி-யும் ஓரளவு இருக்கிறது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்கிறோம், அதனால் கால்சியம் கிடைக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை இருக்கும்போது விலை ஏறும். அப்போதும் சின்னப் படகுகள் போகும், வீட்டில் நெத்திலிக் கருவாடும் இருக்கும். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் மட்டும் கருவாட்டு உப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முருங்கைக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழத்தில் ஒரு நாளைக்குத் தேவையான வைட்டமின் சி இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையோரம் கூடையில் வைத்து விற்கிறார்கள். சத்து மாத்திரைக்கு மாதம் 200, 300 ரூபாய் கொடுக்கிறவர் அதே பணத்தைக் கீரைக்காரம்மாவிடமும் மீன்காரம்மாவிடமும் கொடுத்தால் வைட்டமினோடு புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

இருந்தும் குறைகள் இருக்கின்றன, நன்றாகவே இருக்கின்றன. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்றால் பெண்ணுக்கு 29 வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். நடைமுறையில் வீட்டில் கடைசியாக, மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறவர் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கடைக்கு ஒரு அக்கா வருவார். கம்பெனியில் நின்றுகொண்டே பார்க்கும் வேலை. சோர்வாக இருக்கிறது என்று பல மாதமாக ஒரே சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் சில்லறை வாங்கக் கையை நீட்டியபோது நகமெல்லாம் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்தேன்.

“படி ஏறினா மூச்சு வாங்குதாக்கா?”

“ஆமாம்பா. அதான் இது போடறேன்ல.”

“இதை அப்புறம் வாங்கிக்கலாம். முதல்ல பி.எச்.சி.ல ரத்தம் பாருங்க.”

ஹீமோகுளோபின் 8-க்கும் கீழே. பெண்களுக்கு 12-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பார்கள். ஸ்கேன் எடுத்தபோது கர்ப்பப்பையில் கட்டி, மாதாமாதம் அளவுக்கு மீறி ரத்தம் போயிருக்கிறது. அவர் வாங்கிய அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதில் இரும்புச்சத்தே கிடையாது. பி வைட்டமின்கள், சி, துத்தநாகம் இருந்தன. நம் கடைகளில் அதிகம் விற்கும் பல அட்டைகள் இப்படித்தான். அரசு கொடுக்கும் இரும்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது, அதுவும் காசில்லாமல். அவருக்கு வேண்டியிருந்தது அந்த மாத்திரையும் கட்டிக்கு வைத்தியமும். “சத்துக்கு ஏதோ போடறோம்” என்ற நிம்மதியில் அத்தனை மாதம் போய்விட்டது. அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

பி12-உம் இப்படித்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள், அதிலும் பால் தயிர் குறைவாக எடுப்பவர்களுக்கு அது குறையும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்கும் குறையும். டாக்டர் இரண்டு வாரத்துக்கு எழுதிய அசிடிட்டி மாத்திரையை இரண்டு வருஷமாக வாங்குகிறவர்களுக்கும் குறையும். கால் மரத்துப்போவது, பாதம் எரிவது, நாக்கு வழுவழுவென்று ஆகிப் புண்ணாவது எல்லாம் அடையாளங்கள். “சுகர் இருக்குல்ல, அதான் கால் எரியுது” என்று இவர்கள் தங்களையே தேற்றிக்கொள்கிறார்கள். குறைபாடு உறுதியானால் டாக்டர்கள் 1000 மைக்ரோகிராம் அளவில் மாத்திரையோ ஊசியோ கொடுப்பார்கள். மல்டிவைட்டமினில் இருப்பது சில மைக்ரோகிராம். அதோடு, ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையப் போட்டால் ரத்தசோகை சரியானதுபோல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். பி12 ஊசியை “சத்து ஊசி” என்று சொல்லித் தாங்களாகவே போட்டுக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். ரத்தத்தில் பி12 அளவைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

வைட்டமின் டி பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரிலும் காலை முதல் இரவு வரை ஏ.சி. அறையில் இருக்கிறவர்களுக்கு அது குறைவது சகஜம். குறைந்திருந்தால் மாத்திரை வேண்டும். குறையாதவர்களுக்கு அது கொடுக்கும் கூடுதல் நன்மை தெரியவில்லை. சுமார் 26,000 பேருக்கு ஐந்து வருஷம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் புற்றுநோயும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை, எலும்பு முறிவும் குறையவில்லை.

கேள்வியே கேட்காமல் மாத்திரை போட வேண்டிய ஒரு கூட்டம் உண்டு: குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள். கர்ப்பம் தரிப்பதற்கு முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரத்திலேயே மூடிவிடுகிறது, பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது. முன்பு நரம்புக்குழாய் சரியாக மூடாத குறையோடு குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 1991-இல் வந்தது. அடுத்த குழந்தைக்கு அந்தக் குறை வருவது 72 சதவீதம் தடுக்கப்பட்டது. புதுசாகக் கல்யாணமான தங்கை யாராவது கடைக்கு வந்தால், வெட்கப்படாமல் இதைச் சொல்லிவிடுகிறேன்.

அட்டையைக் கையில் எடுத்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு டப்பாக்களில் ஒன்று மருந்து உரிமத்தில் வந்திருக்கும். இன்னொன்றில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கும், அதாவது சட்டப்படி அது உணவு. “மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல” என்று அதிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். நோயைத் தீர்க்கும் என்று நிரூபித்துவிட்டு வந்த சரக்கு அல்ல அது. “போட்டா சிறுநீர் மஞ்சளா போகுதுண்ணா, நல்லா வேலை செய்யுது” என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. அந்த மஞ்சள், உடம்பு வேண்டாம் என்று வெளியே தள்ளிய பி2.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். அட்டையில் சொன்னபடி தினம் ஒன்று போடுவதால் பெரும்பாலோருக்குக் கெடுதல் வராது. சிலர் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. புகை பிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் உள்ளதை ஒதுக்குங்கள். கர்ப்பிணிகள் வைட்டமின் ஏ அளவைப் பார்க்காமல் எதையும் போடாதீர்கள், அது அதிகமானால் சிசுவைப் பாதிக்கும். இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை போடுகிறவர்களுக்கு வைட்டமின் கே உள்ள மாத்திரை ரத்தம் உறையும் கணக்கையே மாற்றிவிடும். தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் இரும்பு, கால்சியம் கலந்ததை நான்கு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரைகள், அதிக அளவில் போட்டால் தைராய்டு பரிசோதனையிலும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையிலும் தவறான முடிவைக் காட்ட வைக்கும். “வேற ஏதாவது மாத்திரை போடறீங்களா?” என்று லேபில் கேட்டால், “சத்து மாத்திரைதானே” என்று விட்டுவிடாமல் அதன் பெயரையும் சொல்லுங்கள். பெயர் மறந்துவிட்டால் அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.